கழுத்துல கூடுதல் விலா எலும்பு: ஆபரேஷன் வேணுமா வேணாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 27 வயசு, திண்டுக்கல் பக்கம் ஒரு பிரைவேட் ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். இருமல் விடவே இல்லைன்னு செஸ்ட் எக்ஸ்ரே எடுத்தோம். நுரையீரல் கிளியர், ஆனா ரிப்போர்ட்ல ரெண்டு பக்கமும் செர்விக்கல் ரிப் இருக்கு, வலது பக்கம் பெருசுன்னு போட்டிருக்காங்க. ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்னார். இன்னொருத்தர் இது பிறவியிலயே வர்றது, ஒண்ணும் பண்ண வேணாம்னுட்டார். போர்டுல எழுதும்போது வலது கை சீக்கிரம் கடுத்துப் போகுது, சுண்டு விரல் பக்கம் மரத்துப் போகும். இந்த மாசம் ரெண்டு மூணு தடவை வலது ஆள்காட்டி விரலும் நடு விரலும் வெள்ளையா வெளுத்து வலிச்சுது, அப்புறம் தானா சரியாயிடுச்சு. வீட்ல மாப்பிள்ளை பார்த்துட்டிருக்காங்க, அம்மா ரொம்ப பயப்படறாங்க. ஆபரேஷன் பண்ணா கழுத்துல தழும்பு தெரியுமா? எனக்குப் பிறக்கற குழந்தைக்கும் இது வருமா?

பதில்: வணக்கம்மா. எலும்பைப் பத்தி நிறைய எழுதிட்டு, விரல் வெளுத்ததைப் போற போக்குல ஒரு வரியில சொல்லியிருக்கீங்க, எனக்கு அந்த வரிதான் முதல்ல கண்ணுல பட்டுச்சு. அதனால மத்த எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், இந்த வாரத்துக்குள்ள ஒரு வாஸ்குலர் சர்ஜன்கிட்ட போய் வலது கையைக் காட்டுங்க. ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்லி அனுப்பலை, கைக்குப் போற ரத்தக்குழாய் எப்படி இருக்குன்னு பார்க்கறதுக்கு. அதுக்குள்ள விரலோ கையோ வெளுத்து இல்ல நீலம் பாரிச்சு, ஜில்லுனு ஆகி, வலி விடாம இருந்துச்சுன்னா அப்பாயின்ட்மெண்ட்டுக்கு எல்லாம் காத்திருக்காதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போயிடுங்க, ராத்திரியா இருந்தாலும் சரி.

இப்போ எலும்புக்கு வர்றேன். மனுஷங்களுக்குக் கழுத்துல ஏழு முள்ளெலும்பு, ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழுதான். விலா எலும்பு அதுக்குக் கீழ, நெஞ்சுல இருந்துதான் ஆரம்பிக்கணும், பக்கத்துக்குப் பன்னிரண்டு. ஆனா வயித்துல கரு வளரும்போது கழுத்தோட ஏழாவது எலும்புலயும், அதாவது சி7ல, விலா எலும்புக்கான ஒரு சின்ன முளை இருக்கும், அது சாதாரணமா வளராம அந்த எலும்போடயே சேர்ந்துடும். சிலருக்கு அப்படிச் சேராம தனியா வளர்ந்துடுது, அதுதான் உங்க ரிப்போர்ட்ல இருக்கற செர்விக்கல் ரிப். நூறு பேர்ல ஒருத்தருக்கு, இல்ல அதுக்கும் கொஞ்சம் கம்மியா இருக்கும், பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். ரெண்டு பக்கமும் இருக்கறதும் சகஜம்தான். அதுல முக்கால்வாசிக்கும் மேல ஆயுசு முழுக்க எந்தத் தொந்தரவும் இல்லாம, தனக்கு இப்படி ஒரு எலும்பு இருக்குன்னே தெரியாம வாழ்ந்துட்டுப் போறவங்கதான். உங்களை மாதிரி இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரேலதான் பெரும்பாலும் மாட்டும். அதனால "எலும்பு இருக்கு, எடுத்துடணும்"னு சொன்னதை அந்தக் காரணத்துக்காக மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். அதே சமயம் "பிறவியிலயே வர்றது, விட்டுடு"ன்னு சொன்னதையும் உங்க விஷயத்துல ஒத்துக்க முடியலை, ஏன்னா பிறவியில வந்த எலும்பு இருபத்தேழு வயசு வரைக்கும் சும்மா இருந்துட்டு இப்போ ரத்தக்குழாய்க்கு வேலை காட்ட ஆரம்பிக்கலாம், அப்படித்தான் நிறைய பேருக்கு நடக்கும்.

எல்லா செர்விக்கல் ரிப்பும் ஒண்ணு கிடையாது. 1869லயே வென்செல் குரூபர்னு ஒரு உடற்கூறு அறிஞர் இதை நாலு வகையா பிரிச்சு எழுதிட்டார், இன்னிக்கும் அதைத்தான் பயன்படுத்தறோம். சும்மா ஒரு முனை மாதிரி நீட்டிட்டு நிக்கறது ஒரு வகை, அதைவிட நீளமா வளர்ந்து நுனி சும்மா தொங்கறது ஒண்ணு, நுனியில இருந்து ஒரு நார் மாதிரி பட்டை கிளம்பி முதல் விலா எலும்புல போய் ஒட்டிக்கறது ஒண்ணு, முழு எலும்பாவே வளர்ந்து முதல் விலா எலும்போட சேர்ந்துக்கறது கடைசி வகை. இந்தக் கடைசி வகைதான் ரத்தக்குழாய்க்கு அதிகம் தொல்லை தர்றது. சின்ன எலும்புன்னா பயமே இல்லைன்னும் சொல்லிட முடியாது, நார்ப்பட்டை எக்ஸ்ரேல தெரியாது, எலும்பு பார்க்க இத்துனூண்டா இருக்கும் ஆனா அந்தப் பட்டை நரம்பை அறுக்கற மாதிரி இழுத்துட்டு நிக்கும். உங்க ரிப்போர்ட்ல "பெருசு"ன்னு மட்டும் போட்டிருக்காங்க, அது எந்த வகைன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும், அதுக்குக் கழுத்துக்குன்னு தனியா ஒரு எக்ஸ்ரே எடுத்தா நல்லா தெரியும்.

இந்த எலும்பு முளைச்சு வர்ற இடம்தான் சிக்கலே. காறை எலும்புக்கு மேல, கழுத்தோட பக்கவாட்டுல ஸ்கேலீன்னு ரெண்டு தசை முன்னயும் பின்னயுமா இறங்கி வந்து முதல் விலா எலும்புல ஒட்டும். அந்த ரெண்டு தசைக்கும் கீழ இருக்கற எலும்புக்கும் நடுவுல ஒரு முக்கோண சந்து, கைக்குப் போற மொத்த நரம்புக் கட்டும், கைக்கு ரத்தம் கொண்டு போற சப்கிளேவியன் ஆர்ட்டரியும் அந்தச் சந்து வழியாதான் வெளிய வரணும். எல்லாருக்குமே அது குறுகலான இடம்தான். அதுல இன்னொரு எலும்போ பட்டையோ கீழ இருந்து ஏறிட்டு நின்னா, நரம்பும் ஆர்ட்டரியும் அதுக்கு மேல தாவித்தான் போகணும். கையைத் தூக்கும்போதெல்லாம் அது இன்னும் இறுகும். அசுத்த ரத்தம் திரும்பி வர்ற வெயின் மட்டும் முன் தசைக்கும் முன்னாடி போறதால அது பெரும்பாலும் தப்பிச்சுக்கும், அதனாலதான் செர்விக்கல் ரிப்ல கை வீங்கறது அவ்வளவா வராது.

போர்டுல எழுதும்போது உங்களுக்கு வர்ற மரமரப்பு நரம்போட வேலையா இருக்க வாய்ப்பு அதிகம். நரம்புக் கட்டுல எலும்புக்கு ஒட்டின மாதிரி கீழ்வரிசையில இருக்கறது சி8, டி1 நரம்புகள், அதுதான் முதல்ல அடி வாங்கும், அதோட ஏரியாதான் சுண்டு விரல், மோதிர விரல், முன்கையோட உள்பக்கம். இங்க ஒரு சின்ன விஷயத்தை வீட்லயே கவனிச்சுப் பாருங்க, டாக்டர்கிட்ட சொல்ல ரொம்ப உதவியா இருக்கும். மரத்துப் போறது சுண்டு விரல்ல ஆரம்பிச்சு மணிக்கட்டோட நின்னுடுதா, இல்ல மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்குக் கீழ உள்பக்கம் வரைக்கும் ஏறுதா? முழங்கையில அடிபட்டா சுள்ளுனு இழுக்குமே அந்த அல்னார் நரம்பு மட்டும் பிரச்சனைன்னா மரமரப்பு மணிக்கட்டுக்கிட்ட நின்னுடும், அதுக்கு மேல அந்த நரம்புக்குப் பங்கு கிடையாது. முன்கை உள்பக்கமும் சேர்ந்து மரத்தா பிரச்சனை முழங்கையில இல்லை, கழுத்துப் பக்கம் மேல இருக்குன்னு அர்த்தம். ராத்திரியில கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்து தூக்கம் கலைஞ்சா அது மணிக்கட்டுல நரம்பு அமுங்கற கார்ப்பல் டனல், வேற கதை. இந்த மூணையும் போட்டுக் குழப்பிக்கிட்டு, மணிக்கட்டுல ஆபரேஷன் பண்ணியும் சரியாகாம கடைசியில கழுத்துல போய் நிக்கறவங்க இருக்காங்க, அதனாலதான் இவ்வளவு விளக்கமா எழுதறேன்.

இன்னொண்ணும் பாருங்க, ரெண்டு உள்ளங்கையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, கட்டை விரலுக்கு அடியில இருக்கற சதை மேடு வலது கையில மட்டும் வத்தின மாதிரி இருக்கா? 1970ல லண்டன்ல கில்லியட்டும் அவர்கூட இருந்தவங்களும் செர்விக்கல் ரிப் இல்ல பட்டை இருந்த நோயாளிகளை விவரிச்சு எழுதினாங்க, மரமரப்பு சுண்டு விரல் பக்கம் இருக்க, சதை கரையறது என்னவோ கட்டை விரல் பக்கம் இருக்கும், அதுதான் இந்த நோயோட அடையாளமே. ஒரு தடவை சதை கரைஞ்சுட்டா ஆபரேஷன் பண்ணாலும் முழுசா திரும்பி வர்றது கஷ்டம், அந்த நிலைக்குப் போக விடக்கூடாது.

சரி, விரல் வெளுத்தது. ஆர்ட்டரி எலும்பு மேல வளைஞ்சு போற இடத்துல வருஷக்கணக்கா அமுங்கி அமுங்கி அங்க குறுகிடும், குறுகின இடத்தைத் தாண்டி ரத்தம் சுழிச்சு அடிக்கறதுல, மதகுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் கரை அரிச்சு அகலமாகற மாதிரி, ரத்தக்குழாய் சுவர் தளர்ந்து வீங்கிடும். அந்த வீக்கத்துக்குள்ள ரத்தம் உறைஞ்சு ஒட்டிக்கும். ஒட்டினதுல இருந்து துணுக்கு துணுக்கா பிச்சுக்கிட்டு ரத்த ஓட்டத்தோட போய் விரல்ல இருக்கற சின்னச் சின்ன குழாயை அடைக்கும். துணுக்கு சின்னதா இருந்தா கொஞ்ச நேரம் வெளுத்து வலிச்சுட்டு விட்டுடும், நீங்க எழுதியிருக்கற மாதிரியே. விட்டுடுச்சேன்னு நாம நிம்மதியாயிடுவோம், ஆனா உறைஞ்ச ரத்தம் மேலயேதான் இருக்கும், அடுத்து பெரிய துண்டு ஒண்ணு இறங்கினா விரல் நுனி கறுத்துப் போகலாம், கையே ஆபத்துல போகலாம். ரொம்ப அபூர்வமான விஷயம்தான், செர்விக்கல் ரிப் இருக்கறவங்கள்ல மிகச் சிலருக்குத்தான் ரத்தக்குழாய் இப்படிக் கெடும். உங்களுக்கு அதுதான்னு நான் இங்க இருந்து சொல்லலை. குளிர், டென்ஷன்ல விரல் வெளுக்கற ரேனாட்ஸ்னு ஒண்ணு இருக்கு, இளம்பெண்களுக்குச் சாதாரணமா வர்றது, அதுவாகவும் இருக்கலாம். ஆனா ரேனாட்ஸ் பெரும்பாலும் ரெண்டு கையிலயும் வரும். ஒரே கையில, அதுவும் பெரிய எலும்பு இருக்கற அதே பக்கத்துக் கையில மட்டும் வருதுன்னா, ரத்தக்குழாய் நல்லா இருக்குன்னு கண்ணால பார்த்துட்டுதான் நான் ரேனாட்ஸ்னு ஒத்துப்பேன்.

டாக்டர்கிட்ட போனா என்ன நடக்கணும்னு தெரிஞ்சு வெச்சுக்கங்க. ரெண்டு கையிலயும் பிபி பார்க்கணும், வலது கையில நல்லா குறைஞ்சிருந்தா அதுவே ஒரு தகவல். காறை எலும்புக்கு மேல கையை வெச்சுப் பார்த்து, ஸ்டெத் வெச்சும் கேட்பாங்க. அந்த இடத்துல ஏதாவது துடிக்கற கட்டி மாதிரி தெரிஞ்சா பயந்துடாதீங்க, எலும்பு ஆர்ட்டரியை மேல தூக்கி விட்டிருக்கறதாலயே அப்படித் துடிக்கலாம், வீக்கமா வெறும் தூக்கலான்னு ஸ்கேன்தான் சொல்லும். தலையைத் திருப்பி மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி நாடி நிக்குதான்னு பார்க்கற ஆட்சன் டெஸ்ட் பண்ணுவாங்க, பண்ணட்டும், ஆனா எந்த நோயும் இல்லாத நிறைய பேருக்கும் அதுல நாடி நின்னுடும், அதை மட்டும் வெச்சு யாரும் கத்தி எடுக்கக் கூடாது. ரெண்டு கையையும் தூக்கி விரலை மூணு நிமிஷம் மடக்கி விரிக்கச் சொல்றது இன்னொண்ணு. இதுக்கப்புறம் ரத்த ஓட்டத்தைப் பார்க்கற டாப்ளர் ஸ்கேன், கையைத் தொங்க விட்டு ஒரு தடவை, தூக்கி வெச்சு ஒரு தடவை. அதுல சந்தேகம் வந்தா ரத்தக்குழாயைப் படம் பிடிக்கற சிடி ஆஞ்சியோ ஸ்கேன், அதையும் ரெண்டு பொசிஷன்லயும் எடுக்கச் சொல்லிக் கேளுங்க, கையைத் தொங்க விட்டு மட்டும் எடுத்தா அமுங்கற இடம் தெரியாமலே போயிடலாம். நரம்புக்கு நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட். செலவு யோசனையா இருந்தா அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில முதல்ல காட்டுங்க, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில வாஸ்குலர் சர்ஜரிக்குன்னே தனித் துறை இருக்கு.

ரத்தக்குழாய் சுத்தமா நல்லா இருந்து, நரம்பு டெஸ்ட்லயும் பெருசா ஒண்ணும் இல்லைன்னா ஆபரேஷன் இப்போதைக்கு வேணாம். நல்ல பிசியோதெரபிஸ்ட்கிட்ட மூணு மாசமாவது ஒழுங்கா போங்க, தோள்பட்டையைத் தூக்கி நிறுத்தற தசைகளை பலப்படுத்தணும், கழுத்துத் தசையைத் தளர்த்தணும், நிறைய பேருக்கு இதுலயே அடங்கிடும். போர்டுல தலைக்கு மேல எழுதாம தோள் மட்டத்துக்குக் கீழ எழுதற மாதிரி பார்த்துக்கங்க, நோட்டுக்கட்டு பையை வலது தோள்ல மாட்டாதீங்க, கையைத் தலைக்கு மேல வெச்சுத் தூங்கற பழக்கம் இருந்தா விடுங்க. சுளுக்கு எடுக்கறேன், கழுத்தைச் சொடுக்கறேன்னு யாராவது வந்தா தயவுசெஞ்சு கிட்டவே விடாதீங்க, அந்த ஆர்ட்டரிக்குள்ள உறைஞ்ச ரத்தம் இருந்து அதை அமுக்கி விட்டா என்ன ஆகும்னு நினைச்சாலே எனக்குப் பதறுது.

ரத்தக்குழாய் கெட்டிருக்குன்னு தெரிஞ்சா மட்டும் தள்ளிப் போடவே கூடாது. ரத்தம் உறையாம இருக்க மருந்து, அதோட எலும்பை எடுக்கறது, தேவைப்பட்டா கெட்டுப் போன துண்டை வெட்டிட்டு அங்க கிராஃப்ட், அதாவது மாத்துக் குழாய், வெச்சுத் தைக்கறது. இது ஒண்ணும் புது ஆபரேஷன் இல்லை, 1861லயே லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில ஹோம்ஸ் கூட்னு ஒரு சர்ஜன் சி7 எலும்போட இந்த மாதிரி துருத்தலை எடுத்திருக்கார். ஆனா பழசுங்கறதால சுலபம்னு நினைக்க வேணாம். முன் தசை மேலயேதான் மூச்சுவிட வைக்கற பிரெனிக் நரம்பு ஓடுது, பின் தசைக்குள்ள தோள்பட்டை எலும்பைப் பிடிச்சு வெக்கற நரம்பு ஓடுது, கீழ நுரையீரல் உறை, இடது பக்கமா இருந்தா நிணநீர்க் குழாயும் கூட. இதோட, தோள்பட்டைக்குப் பின்னாடி போற டார்சல் ஸ்கேபுலார் ஆர்ட்டரி ஒருத்தருக்கு நரம்புக் கட்டுக்கு நடுவுல புகுந்து போகும், இன்னொருத்தருக்கு அது வேற இடத்துல இருந்தே கிளம்பும், உள்ள போய்தான் பார்ப்போம்னு போனா ரத்தக்களரியாகிடும். எலும்புல ஒரு வித்தியாசம் இருக்கற ஆளுக்குப் பக்கத்துல இருக்கற நரம்பு, ரத்தக்குழாய், தசையும் படத்துல இருக்கற மாதிரி இல்லாம இருக்கலாம்னு எதிர்பார்த்துதான் போகணும். அதனால சர்ஜன்கிட்ட "நீங்க இந்த ஆபரேஷனை அடிக்கடி பண்றீங்களா"ன்னு கேட்கத் தயங்காதீங்க, அது மரியாதைக் குறைவு இல்லை.

உடம்பு ஒரே அச்சுல வார்த்தது இல்லைங்கறதை நம்ம ஊர்ல நோயாளிங்ககிட்ட யாரும் உட்கார்ந்து சொல்றதே கிடையாது, அது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம். நெஞ்செலும்புல, அதாவது ஸ்டெர்னத்துல, பிறவியிலயே ஒரு ஓட்டை இருக்கறவங்க நூத்துக்கு அஞ்சு பேர் அளவுக்கு இருக்காங்க, அவங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆனா அந்த இடத்துல மஜ்ஜை எடுக்கற ஊசியோ அக்குபங்சர் ஊசியோ இறங்கினா பின்னாடி இருக்கறது இதயம். வலது கைக்குப் போற சப்கிளேவியன் ஆர்ட்டரி சிலருக்கு மகாதமனியோட கடைசிக் கிளையா கிளம்பி உணவுக்குழாய்க்குப் பின்னாடி சுத்தி வரும், அவங்களுக்கு வலது பக்கக் குரல் நரம்பு வழக்கமான இடத்துல இருக்காது, தைராய்டு ஆபரேஷன் பண்றவங்களுக்கு இது தெரியலைன்னா குரலே போயிடும். மணிக்கட்டு வழியா ஆஞ்சியோ பண்ணும்போது ரேடியல் ஆர்ட்டரி மேல அக்குள் பக்கத்துல இருந்தே தனியா பிரிஞ்சு மெலிசா வந்தா ஒயர் சிக்கிக்கும். இதெல்லாம் நோய் கிடையாது, ஆனா கத்தியோ ஊசியோ அந்தப் பக்கம் வர்ற அன்னிக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாயிடுது.

உங்களுக்கும் அதேதான். ஆபரேஷன் பண்ணாலும் பண்ணலைன்னாலும் "எனக்கு ரெண்டு பக்கமும் செர்விக்கல் ரிப் இருக்கு"ங்கற வாக்கியத்தை இனிமே மயக்க மருந்து டாக்டர் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுங்க, கழுத்து வழியா பெரிய ரத்தக்குழாய்க்குள்ள சென்ட்ரல் லைன்னு ஒரு டியூப் போடறவங்க, கைக்கு மரத்துப் போக கழுத்துல ஊசி போடறவங்க அல்ட்ராசவுண்ட்ல பார்த்துப் போடுவாங்க. பின்னாடி எப்பவாவது முதுகுத்தண்டுல ஆபரேஷன்னு வந்தா கண்டிப்பா சொல்லணும், ஏன்னா விலா எலும்பை எண்ணித்தான் எந்த முள்ளெலும்புன்னு முடிவு பண்ணுவாங்க, உங்களுக்கு எண்ணிக்கையே ஒண்ணு கூட இருக்கறதால ஒரு எலும்பு தள்ளி ஆபரேஷன் பண்ணிடற ஆபத்து இருக்கு. அந்த எக்ஸ்ரே ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணி வெச்சாலும் தப்பில்லை, போன்ல போட்டோவும் எடுத்து வெச்சுக்கங்க.

அம்மாகிட்ட சொல்லுங்க, கல்யாணத்துக்கோ கர்ப்பத்துக்கோ இந்த எலும்பு தடையே இல்லை. சில குடும்பங்கள்ல ஒண்ணுக்கு மேல பட்டவங்களுக்கு இருந்ததா பதிவாகியிருக்கு, ஆனா பெரும்பாலும் குடும்பத்துல ஒருத்தருக்கு மட்டும்தான் இருக்கும், குழந்தைக்கு வந்தாலும் தொந்தரவு இல்லாம போறதுக்குத்தான் வாய்ப்பு ரொம்ப அதிகம், அதை நினைச்சு இப்போ கவலைப்பட வேணாம். தழும்பு பத்திக் கேட்டிருந்தீங்க. காறை எலும்புக்கு மேல தோல் மடிப்பை ஒட்டியே வெட்டுவாங்க, சில விரல் அகலத்துக்கு ஒரு கோடு, நாளாக நாளாக மங்கிடும், சிலருக்கு மட்டும் தடிச்சு கீலாய்டு ஆகும், உங்களுக்கு முன்னாடி ஏதாவது காயம் அப்படித் தடிச்சிருந்தா சர்ஜன்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. அக்குள் வழியா பண்ற முறையும் இருக்கு, 1966ல ரூஸ்னு ஒரு அமெரிக்க சர்ஜன் எழுதினது, தழும்பு மறைஞ்சுடும், ஆனா ஆர்ட்டரியையே ரிப்பேர் பண்ண வேண்டியிருந்தா அந்த வழி பத்தாது, கழுத்துப் பக்கமாத்தான் போகணும். தழும்புக்காக வழியை மாத்தச் சொல்லி சர்ஜனை நெருக்காதீங்கம்மா, அதை அவர் முடிவுக்கு விட்டுடுங்க.

போகும்போது ரிப்போர்ட் பேப்பரோட எக்ஸ்ரே ஃபிலிமையும் எடுத்துட்டுப் போங்க, இல்ல அந்தப் படத்தை சிடி டிஸ்க்ல வாங்கிக்கங்க. அடுத்த தடவை விரல் வெளுத்தா உடனே ரெண்டு கையையும் பக்கத்துல வெச்சு ஒரு போட்டோ எடுத்து வைங்க, டாக்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கும்போது அது வெளுக்காது, போட்டோதான் சாட்சி. டாப்ளர் ரிசல்ட் வந்ததும் மறுபடி எழுதுங்க.